பூசி மெழுகாதீர்கள்!

பூசி மெழுகுவது என்று நம் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. மண் தரை வீடுகள் இருந்த காலத்தில் அது நல்ல காரியம். விரிசலை அடைத்து, புழுதியை அடக்கி, வீட்டைத் துப்புரவாக வைத்த வேலை அது. அந்த நல்ல சொல் பிறகு எப்படியோ குற்றத்தை மறைப்பதற்குப் பெயராகிவிட்டது. சொல்லைக் குறை கூறிப் பயனில்லை. மெழுகிய கைகள் மாறிவிட்டன. மெழுகும் நோக்கமும் மாறிவிட்டது.

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பார்த்தது ஒரு மோட்டார் படகில். ஆகவே இந்தக் கட்டுரை மோட்டார் படகைப் பற்றியது. இதை வேறு எதற்காவது உவமையாக்கிக் கொள்வது வாசகர்களின் உரிமை. நான் படகை விட்டு இறங்குவதாக இல்லை.

அமெரிக்காவில் மிச்சிகன், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் ஏரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே படகு வைத்திருப்பது கோடீசுவரர்களின் சமாசாரம் மட்டுமல்ல. நம் ஊரில் பழைய கார் வாங்குவது போல அங்கே நடுத்தரக் குடும்பத்தார் 30, 40 வருடத்துப் பழைய படகை வாங்குகிறார்கள். கோடையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறார்கள். பின்னால் கயிறு கட்டி நீர்ச்சறுக்கு விடுகிறார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களும் இன்று இதில் சேர்த்தி.

இந்த நீர்ச்சறுக்குப் படகுகளில் பலவற்றுக்கு எஞ்சின் பின்னால் தொங்குவதில்லை. படகின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ப் புரொப்பெல்லரைச் சுழற்றும். இதற்கு இன்போர்டு படகு என்று பெயர். வெளி ஓடு பைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்து இறுகியது. அந்த ஓடு தனியாக நின்றால் வளைந்து கொடுக்கும். ஆகவே உள்ளே, முன்னிருந்து பின் வரை, நீள வாக்கில் உத்தரங்கள் போலக் கட்டைகளைப் பதித்திருப்பார்கள். ஸ்ட்ரிங்கர் என்று பெயர். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, படகுக்கு ஸ்ட்ரிங்கர் அப்படி. ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள எஞ்சின் அந்தக் கட்டைகளில் முடுக்கிய திருகாணிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1980கள் வரை வந்த இவ்வகைப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டை மரம்தான்.

மரம் என்றால் மக்கும் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மரம் தானாக மக்குவதில்லை. அதைத் தின்பது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தில் ஈரம் 100க்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் அது தலை காட்டாது. 30 பங்கை எட்டிவிட்டால் அதற்குக் கல்யாண விருந்து. காற்றே புகாத ஆழத்திலும் அதனால் வாழ முடியாது. 1628இல் ஸ்டாக்ஹோமில் முழுகிய 'வாசா' என்ற ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பலை 1961இல் தூக்கி எடுத்தபோது 333 வருஷம் சேற்றில் கிடந்த மரம் கப்பலாகவே வெளியே வந்தது. மரம் துளைக்கும் கடற்புழு அந்தக் கடலில் இல்லாததும் ஒரு காரணம். முழுக்க உலர்ந்தாலும் மரம் பிழைக்கும். முழுக்க மூழ்கினாலும் பிழைக்கும். பாதி ஈரத்தில், மூச்சு முட்டும் அறையில், யார் கண்ணிலும் படாமல் அடைத்து வைத்தால்தான் அது சாகும்.

படகு செய்தவர்கள் செய்தது அதைத்தான். கட்டையை வைத்து, மேலே கண்ணாடி நாரைப் போர்த்தி, ரெசினைப் பூசி மூடினார்கள். அந்தப் பாலியெஸ்டர் ரெசினுக்கு மரத்தை உறுதியாகப் பற்றும் குணம் இல்லை, நாளடைவில் விட்டுக்கொடுக்கும். அதன் பிறகு எஞ்சினுக்குத் திருகாணி, தரைப் பலகைக்குத் திருகாணி, இருக்கைக்குத் திருகாணி என்று அதே மூடியைத் துளைத்தார்கள். துளையின் உள் விளிம்பை அடைத்தார்களா? பெரும்பாலும் இல்லை. படகு எதிர்ந்தாலும் மூழ்காமல் இருக்கட்டும் என்று பல படகுகளில் தரைக்கு அடியில் நுரையை ஊற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நுரை வருஷக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, கட்டையோடு அணைத்து வைத்துக்கொண்டது. இவ்வளவும் செய்துவிட்டு, "இது பைபர்கிளாஸ், மரப்படகு போலப் பராமரிக்க வேண்டிய தொல்லை இல்லை" என்று விற்றார்கள். என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

பழைய மரப்படகுக்காரன் வருஷத்துக்கு ஒரு முறை படகைக் கரையேற்றினான். ஒவ்வொரு பலகையையும் கத்தி முனையால் குத்திப் பார்த்தான். மெத்தென்று இறங்கிய இடத்தை வெட்டி எறிந்து வேறு மரம் வைத்தான். அவன் படகும் மக்கியது. ஆனால் மக்குவது அவனுக்குத் தெரிந்தது. புதிய படகு அவனுடைய தொல்லையை நீக்கவில்லை. தொல்லையைப் பார்க்கும் வசதியைத்தான் நீக்கியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடை முழுவதும் மிச்சிகனில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் அப்போதுதான் 21 அடிப் படகு ஒன்று வாங்கியிருந்தார். வெளியே முகம் பார்க்கலாம் போல மெருகு. தரையில் புத்தம் புதிய கம்பளம். விற்றவர் நயமாகப் பேசி, கை குலுக்கிவிட்டுப் போனாராம். ஏரியில் விட்ட இரண்டாம் வாரமே எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. எஞ்சினைத் தாங்கும் திருகாணியை நண்பர் முடுக்கிப் பார்த்தார். அது சாவிக்குப் பிடி கொடுக்காமல், பம்பரம் போல விரலாலேயே சுற்றியது. மர உளி கொண்டு கட்டையின் ஓரத்தில் சிறு துளை போட்டார். வெளியே வந்தது மரத்தூள் அல்ல. கறுப்பாக, ஊறிப்போன காப்பித்தூள் மாதிரி ஏதோ வந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. நாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புதுக் கம்பளம் எதற்காக வந்தது என்று அப்போது எங்களுக்கு விளங்கியது.

அடுத்து வந்தார் ஆலோசனைக்காரர். இப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். "அறுப்பது கிறுக்குத்தனம். கட்டையில் வரிசையாகத் துளை போட்டு நீர்த்த எபாக்ஸியை ஊற்றுங்கள். உள்ளே போய் இறுகிக் கல்லாகிவிடும். ஒரு சனிக்கிழமை வேலை" என்றார். நண்பர் யோசித்தார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "அண்ணா, பசங்களை இதில்தானே ஏற்றப் போகிறார்? நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். ஈர மரத்துக்குள் எபாக்ஸி போகாது. ஏற்கெனவே தண்ணீர் குடியிருக்கும் இடத்தில் அதற்கு ஏது இடம்? துளையைச் சுற்றி ஓர் அங்குலம் இறுகும். மற்ற இடமெல்லாம் சேறு சேறாகவே இருக்கும். அப்படியே இறுகினாலும், சுமை தாங்குவது மரத்தின் நீள நார்கள். அந்த நார்களைப் பூஞ்சை தின்று முடித்த பிறகு எந்தப் பிசினை ஊற்றி அவற்றைத் திரும்ப வரவழைப்பது? செத்த பல்லுக்குத் தங்கப் பூச்சுப் பூசலாம். அது முளைத்த பல் ஆகாது. இந்தச் சனிக்கிழமை வைத்தியத்துக்கு ஒரே ஒரு பலன் உண்டு. அடுத்து வாங்குகிறவன் திருகாணியைத் திருப்பிப் பார்த்தால் அது அசையாது. அதாவது, அது படகுக்குச் செய்யும் வைத்தியம் அல்ல. விற்பனைக்குச் செய்யும் ஒப்பனை.

செய்ய வேண்டிய வேலை வேறு. அது எளிது என்று நான் ஏமாற்ற மாட்டேன். முதலில் படகின் அடியைப் பல இடங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். உள்ளே எலும்பை எடுக்கும்போது ஓடு கோணிக்கொள்ளும் அல்லவா? பழைய கட்டையின் உயரம், இடைவெளி, எஞ்சின் உட்காரும் மட்டம் எல்லாவற்றையும் அளந்து குறித்த பிறகு செயின் பிளாக் கட்டி எஞ்சினைத் தூக்க வேண்டும். தரையை அறுத்து, ஊறிய நுரையை வெட்டி எடுத்து, ஒரு பக்கத்துக் கட்டையை மட்டும் முதலில் நீக்க வேண்டும். மறுபக்கம் அதுவரை படகின் உருவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய ரெசினைச் சுத்தமான பைபர்கிளாஸ் தெரியும்வரை தேய்க்க வேண்டும். அந்தத் தூசி முகமூடி இல்லாதவனின் நுரையீரலைக் கெடுக்கும். மூடாத தோலைப் பல நாள் அரிக்கும். பிறகு நன்றாக உலர்ந்த டக்ளஸ் பர் மரத்தையோ, உயர்ந்த மரைன் பிளைவுட்டையோ பழைய வடிவத்துக்கே இழைத்து, எல்லாப் பக்கமும் எபாக்ஸி ஊட்டி, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியில் பதிக்க வேண்டும். மூலைகளை வளைவாக நிரப்பி, அதன் மேல் கண்ணாடி நார்த் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாக அடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. அதில்தான் நாணயம் இருக்கிறது. திருகாணி போகும் இடத்தில் தேவைக்கு மேல் பெரிய துளை போட்டு, அதை எபாக்ஸியால் நிரப்பி இறுக விட்டு, அந்த எபாக்ஸிக்குள் மறுபடி சிறு துளை போட வேண்டும். அப்போது திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீருக்கும் வழி இல்லை. ஒரு துளைக்குச் சில நிமிஷ வேலை. அந்தச் சில நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் 30 வருஷம் கழித்து ஒருவன் ஒரு கோடை முழுவதையும் தண்டம் கட்டுகிறான்.

கடைசியில் எஞ்சினை இறக்கி, அதன் தண்டும் புரொப்பெல்லர் தண்டும் சேரும் இடத்தை ஓர் அங்குலத்தில் 1000இல் 3, 4 பங்குக்குள் நேர் செய்ய வேண்டும். அதையும் படகு தண்ணீரில் மிதக்கும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். கரையில் நிற்கும் படகுக்கும் மிதக்கும் படகுக்கும் உருவம் சற்றே மாறும். தலைமயிர் அளவு நேர்த்தி கேட்கும் அந்த எஞ்சினை, காப்பித்தூளாய்ப் போன கட்டையின் மேல் உட்கார வைத்து ஓட்டுவது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்பதை யோசித்துப் பாருங்கள். தண்டு ஆடினால், அது அடிப்பாகத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் தண்ணீர் உள்ளே வரும். அந்த இடம் ஏரியின் நடுவாகவும் இருக்கலாம்.

ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "இவ்வளவு பாடுபடுவதற்குப் புதுப் படகே வாங்கலாமே" என்பது ஒன்று. கையில் பணம் இருக்கிறவர் வாங்கட்டும். ஆனால் தம் பழைய படகை என்ன செய்வார்? ஒரு கம்பளம் விரித்து, வசதி குறைந்த இன்னொருவர் தலையில் கட்டுவார். நோய் தீரவில்லை, ஆள்தான் மாறினார்.

"புதுப் படகுகளில் மரமே இல்லை, பிறகு என்ன கவலை" என்பது இன்னொன்று. 1990களிலிருந்து பல கம்பெனிகள் மரத்தைக் கைவிட்டு நுரையும் பைபர்கிளாஸும் கொண்டு கட்டுகின்றன. நுரைக்கு மக்கும் குணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் மரத்துடையது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருகோணமலையின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. தேக்கு நல்ல மரம்தான். ஆனால் தேக்கு என்பதற்காக அதை யாரும் நம்பி விட்டுவிடவில்லை. 1990இல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் அதைத் திறந்து, கெட்டதை நீக்கி, நல்லதை வைத்தார்கள்.

"ஒரு உல்லாசப் படகுக்கு இவ்வளவு ஆவேசமா" என்று மூன்றாவதாகக் கேட்பவருக்கு 'ராயல் ஜார்ஜ்' கப்பலை நினைவூட்டுகிறேன். 100 பீரங்கிகள் கொண்ட ஆங்கிலப் போர்க்கப்பல் அது. 1782 ஆகஸ்டு 29ஆம் தேதி ஸ்பிட்ஹெட் துறையில் ஒரு சிறு பழுதைச் சரிசெய்யக் கப்பலைச் சற்றுச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். புயல் இல்லை, எதிரி இல்லை, பாறை இல்லை. நின்ற இடத்திலேயே முழுகியது. கடற்படைத் தலைவர் கெம்பன்பெல்ட் உள்பட ஏறக்குறைய 900 பேர் மாண்டார்கள். கப்பலைப் பார்க்க வந்த பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. விசாரித்த இராணுவ நீதிமன்றம், கப்பலின் மரங்கள் எங்கும் மக்கியிருந்ததால் உடற்கூட்டில் ஏதோ ஒரு பகுதி விட்டுவிட்டது என்று தீர்ப்பளித்தது. மிதமிஞ்சிச் சாய்த்ததுதான் காரணம் என்று அந்தத் தீர்ப்பை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். மரங்கள் மக்கியிருந்தன என்பதுதான் அந்த நீதிமன்றத்தின் முடிவு.

ஆகவே நான் கேட்பது மூன்றே விஷயங்கள். படகு கட்டுகிறவர், தரையில் கையும் விளக்கும் நுழையும் அளவுக்கு ஒரு மூடியாவது வைக்கட்டும். 'பராமரிப்பு வேண்டாம்' என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடட்டும். விற்கிறவர் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு விலை பேசட்டும். வாங்குகிறவர் மெருகில் தம் முகத்தைப் பார்த்தது போதும். குனிந்து, ஒரு சிறு சுத்தியலால் கட்டையின் நீளம் முழுவதும் தட்டிப் பார்க்கட்டும். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். கெட்ட மரம் 'தொப்' என்னும். விற்பவர் முகம் சுளித்தால், விலை கேட்பதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம்.

என் நண்பர் கட்டையை அறுத்தார். ஒரு கோடை போயிற்று. ஏரியில் ஒரு நாள் கூடப் படகு இறங்கவில்லை. மறு கோடையில் அவர் குழந்தைகள் அதில் ஏறினார்கள். தரைக்கு இந்தத் தடவை அவர் கம்பளம் போடவில்லை.