முதியோர்க்கு எம்முறை?

1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய கேமரன் மலையில், கொழுந்து பறித்த கைகள் பியானோவைத் தொட விழைந்தால், ‘வயது கடந்துவிட்டது’ என நகைப்போர் உளர். வேறு சிலரோ கட்டைகளில் எண்களை ஒட்டி, ஒரு திரைப்பாட்டை மனப்பாடம் செய்வித்து அனுப்பிவிடுகின்றனர். முன்னது இழிவு; பின்னது ஏமாற்று. எண் நீங்கினால் பாட்டும் நீங்கும். கையொப்பமிட மட்டும் கற்பித்துவிட்டு எழுத்தறிவு தந்தோம் என்போமா?

புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்பெறும் சரளி வரிசை நம்மிடம் உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் அதற்குரிய மாயாமாளவகௌளை ஐந்து வெள்ளைக் கட்டைகளிலும் இரண்டு கறுப்புக் கட்டைகளிலும் அடங்கும். முதலில் வாயால் பாடி, பின் மூன்று காலங்களில் வாசிக்கட்டும். அதன்பின் ஐங்கோட்டு இசைக்குறியீட்டைக் கற்கட்டும். பியானோவில் கமகம் வாராது என்பது உண்மையே. ஆயினும் சுரத்தானமும் தாளமும் வரும். ஆசிரியர்களே, அவர்கள் கேட்பது பொழுதுபோக்கன்று. பிறர் துணையின்றித் தாமே படித்து வாசிக்கும் உரிமை!