பெயர் யார் கையில்?

புதிதாகக் கடை வைக்கும் நம் இளைஞர்களிடம் இன்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கல்லாப்பெட்டி வந்து சேரும் முன்பே இன்ஸ்டாகிராம் பக்கம் வந்து விடுகிறது. தராசு வைக்கும் முன்பே ரீல்ஸ் ஓடத் தொடங்கி விடுகிறது. திருவேங்கடத்தில் மட்டுமல்ல, சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று எங்கு பார்த்தாலும் இதே நிலைதான். வளைகுடாவில் பல வருடங்கள் வெயிலில் நின்று சேர்த்த காசைக் கொண்டு வந்து ஊரில் ஒரு பிரியாணிக் கடையோ, துணிக்கடையோ வைக்கிறார் ஒரு சகோதரர். திறப்பு விழாவுக்கு முன்பே, "உங்கள் கடையை நாங்கள் பிரபலமாக்கித் தருகிறோம்" என்று மாதக் கட்டணம் பேச ஆட்கள் வந்து விடுகிறார்கள்.

இது தவறா என்றால், தவறில்லை. சரக்கு இருப்பதை நாலு பேருக்குச் சொல்லாமல் வியாபாரம் நடக்காது. ஆனால் காசு கொடுக்கும் முன் ஒரு கேள்வியை நம் வியாபாரிகள் கேட்டுக் கொள்ள வேண்டும். இப்படிச் சம்பாதிக்கும் பெயர் கடைசியில் யார் கையில் இருக்கப் போகிறது?

பெயரை வைத்து வியாபாரம் செய்வது நம் பகுதிக்குப் புதிதல்ல. பிராண்ட் என்று இன்று சொல்வதை நம் பெரியவர்கள் மார்க்கா என்றார்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் என்று இந்தக் கரிசல் பூமி முழுவதும் பரவியது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் எப்படிப் பெட்டியை அடையாளம் கண்டார்கள்? மேலே ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான். சேவல் படம் போட்ட பெட்டி, மயில் படம் போட்ட பெட்டி என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு முறை குச்சி நமுத்துப் போயிருந்தால் அடுத்த முறை அந்தப் படத்தைக் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் மார்க்காவின் இரகசியம்! படம் வாடிக்கையாளரை ஒரு தடவை அழைத்து வரும். மறுபடி அழைத்து வருவது சரக்கு.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கலான விளக்கு வெளிச்சத்தில், மாலை நேரத்தில் அல்வா விற்ற கடைக்கு இருட்டுக்கடை என்று பெயர் வைத்தது யார்? வாங்கித் தின்ற மக்கள்தான்.

நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை அமைந்திருந்த பிரானூர்ப் பகுதிக்குப் பார்டர் என்று பெயர் நிலைத்தது. எல்லை போய் எழுபது ஆண்டுகள் ஆகப் போகின்றன, பெயர் போகவில்லை. அங்குள்ள ரஹ்மத் கடையின் பரோட்டாவையும் கோழியையும் குற்றாலச் சீசனுக்கு வந்தவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். யூடியூப் வருவதற்கு முன்பே, வாய் வார்த்தையிலேயே அந்தப் பெயர் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்து விட்டது. பிறகு வீடியோக்காரர்கள் வந்து அதை இன்னும் பெரிதாக்கினார்கள்.

இன்று என்ன நிலை? சென்னை, மதுரை, கோவை என்று எங்கு போனாலும் பார்டர் என்று எழுதிய பலகை தொங்குகிறது. எது யாருடைய கடை, யாருக்கு யார் உறவு என்று சாப்பிட உட்காருபவருக்குத் தெரியாது. ஒரு ஊரில் நன்றாக இருந்தால் எல்லோருக்கும் புகழ். ஒரு ஊரில் கெட்டுப் போனால் எல்லோருக்கும் இகழ்ச்சி. காரணம் என்ன? பார்டர் என்பது ஓர் இடத்தின் பெயர். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, பொருள் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை மட்டும் காட்டும் பெயரை ஒருவர் தனக்கே உரிமையாக்கிக் கொள்வது எளிதல்ல. எனவே புதிதாகக் கடை வைக்கும் சகோதரர் ஊர்ப் பெயரையும், ஏற்கனவே பிரபலமான பெயரையும் பிடித்துத் தொங்காமல், தனக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பெயரைப் பதிவு செய்ய வேண்டும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும், 2017 விதிகளின்படி, இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக் கொள்ளலாம். ஒரு நாள் திறப்பு விழாவின் சீரியல் விளக்குக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஊர்ப் பெயரே வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. தனி ஆளாக அல்ல, கூட்டாக! பக்கத்துக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்த் தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள். 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும் கொண்டு செய்யும் எளிய பண்டத்துக்கு அரசின் முத்திரை! பத்தமடைப் பாய்க்கும் அந்தக் குறியீடு உண்டு. அங்கே கோரையில் பாய் நெய்கிற கைகளில் நம் சமுதாயப் பெண்களின் கைகள் ஏராளம். ஆனால் பாயை வாங்குபவருக்கு நெய்தவர் யார் என்று தெரிகிறதா? இங்கேதான் சமூக வலைதளம் உண்மையிலேயே பயன்பட வேண்டும். தறி முன் உட்கார்ந்திருக்கும் பெண் தன் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. கையையும் பாயையும் காட்டினால் போதும். இடைத்தரகர் இல்லாமல் சென்னைக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் நேரே கேட்டு வாங்குவார்கள்.

கிராமத்தில் இருந்துகொண்டு இது முடியுமா என்று யாரும் தயங்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். சமைத்ததை எல்லோருக்கும் பரிமாறினார்கள். 2021-ல் ஒரு கோடிப் பேர் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். செய்கிற வேலையை மறைக்காமல் காட்டியதுதான் அவர்கள் செய்த விளம்பரம்.

அதே சமயம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. இந்த வலைதளங்கள் யாவும் அடுத்தவர் வீட்டுத் திண்ணை. திண்ணையில் கடை விரிக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது? 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. வருடக்கணக்கில் டிக்டாக்கில் பெயர் சேர்த்தவர்கள் அனைத்தையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கின. வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் எடுத்தவர்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, பழைய பற்று வரவு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது எந்தக் கம்பெனிக்காரரும் பூட்ட முடியாத சொத்து.

இன்னொன்று. கடையின் பக்கத்தைத் தொடங்கிக் கொடுப்பவரின் போன் நம்பரிலேயே கணக்கும் இருக்கிறது. கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. சம்பளத் தகராறு வந்தால் பக்கம் போய் விடுகிறது! கடைச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்து விட்டுத் தூங்குவோமா?

பொய்க்கணக்கு இன்னொரு நோய். பின்தொடர்பவர்களைக் காசுக்கு வாங்குகிறார்கள். சாப்பிடாதவர்களை வைத்துச் சுவையைப் புகழச் செய்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 இலட்சம் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. காசோ பொருளோ வாங்கிக் கொண்டு புகழ்பவர், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. சட்டம் இருக்கட்டும். தானியக் குவியலுக்குள் நபிகளார் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததும் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நமக்குத் தெரியாததா? வீடியோவில் ததும்பும் நெய்யும் தட்டில் வரும் டால்டாவும் அந்தக் குவியல் போன்றவை அல்லவா?

பெயரைக் கட்டும் கருவியே பெயரைக் கெடுக்கும் கருவியாகவும் இருக்கிறது. கோவையில் முஸ்லிம்களின் பிரியாணிக் கடைகளில் மாத்திரை கலக்கிறார்கள் என்று ட்விட்டரில் விஷமிகள் புரளி கிளப்பினார்கள். 2022-ல் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்கு வரும், தீர்ப்பு வரும். அதற்குள் அன்றாடம் காய்ச்சும் கடைக்காரர் என்னாவார்? இப்படிப்பட்ட நாளில் திறந்த சமையலறையும், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைக் கடை வாசலில் வைப்பதும் நமக்குக் கேடயங்கள். பெயர் தெரிந்த அண்டை அயலார் பேச முன்வரும் வரை புரளி ஓடும். எனவே எல்லாச் சமூகத்தாரும் வந்து போகும் கடையாக அது இருக்க வேண்டும். அதே நியாயம் நமக்கும் பொருந்தும். அடுத்தவர் சரக்கைப் பற்றி வரும் ஆதாரமில்லாத செய்தியை நம் வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளி விடுபவர், இன்னொரு ஏழையின் அடுப்பை அணைக்கிறார் என்பதை உணர வேண்டும்.

இனி செய்ய வேண்டியது என்ன? தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் மென்பொருளை உலக நாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. அதே மாவட்டத்தில் நம் கடைகள் பலவற்றின் முகவரி கூகுள் வரைபடத்தில் சரியாக இல்லை. படித்த பிள்ளைகள் இல்லாத மஹல்லா இன்று எது? ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் போதும். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, கடைகளின் முகவரியைச் சரி செய்வது, கணக்குகளை உரிமையாளரின் போன் நம்பருக்கே மாற்றுவது, பெயர்ப் பதிவுக்கும் உத்யம் பதிவுக்கும் விண்ணப்பம் நிரப்புவது, வீட்டிலிருந்து ஊறுகாயும் பலகாரமும் செய்யும் பெண்களுக்குப் படம் எடுக்கக் கற்றுக் கொடுப்பது ஆகியவற்றைச் செய்யலாம். ஜமாஅத் நிர்வாகிகள் இதற்கு ஓர் அறையும் ஒரு மேசையும் கொடுத்தால் அதுவே பேருதவி. வருகிறவர் எந்தச் சமூகம் என்று பார்க்க வேண்டாம். கடைவீதியில் அடுத்தடுத்துத் தானே உட்கார்ந்திருக்கிறோம்!

சகோதரர்களே! பலகை எழுத ஆள் கிடைக்கும். வீடியோ எடுக்க ஆள் கிடைக்கும். நிறையும் தரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெயரையும் உங்கள் கையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.