மூளைப் படமும் மருத்துவர் செவியும்

உளநோயைக் கண்டறிய மூளையைப் படம் பிடித்தாலே போதும், நோயாளியின் எதிரே அமர்ந்து அவர் கூறுவதைக் கேட்பது பழங்கால வழக்கம் என்று பேசுவோர் பெருகி வருகின்றனர். மனச்சோர்வும் மனச்சிதைவும் வண்ணப் படத்தில் புள்ளிகளாகத் தெரிந்துவிடும் என்பது அன்னாரின் நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாது? அவ்விரு நோய்களுள் ஒன்றையேனும் மூளைப் படத்தை மட்டுமே கொண்டு உறுதி செய்யும் முறை இன்றும் மருத்துவ நடைமுறையில் இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் மாணவனை அறிந்துவிட்டதாகக் கருதும் ஆசிரியரும் இவ்வினத்தவரே!

2009ஆம் ஆண்டில் கிரெய்க் பென்னட் முதலிய அமெரிக்க ஆய்வாளர், செத்த சால்மன் மீன் ஒன்றைப் படக்கருவியினுள் வைத்தனர். மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, அவர்தம் உணர்ச்சி யாதென்றும் வினவினர். கணக்கீட்டில் உரிய திருத்தம் செய்யாதபோது, அச்செத்த மீனின் மூளையும் 'வேலை செய்வதாக'ப் படம் காட்டிற்று. கருவி பொய்யன்று, அது தருவதை எடைபோடாமல் ஏற்பதே பிழை.

பேச்சொன்றே போதும் என்று வாதிடுவோர் வெற்றிக் களிப்புக் கொள்ளவும் இடமில்லை. பித்தரென்று அடைத்து வைக்கப்பட்டோர் பலரின் மூளையில் மேகநோய்க் கிருமி குடியிருந்ததை 1913இல் நொகுச்சியும் மூரும் நுண்ணோக்கியால் கண்டனர். எத்துணை உரையாடினும் அக்கிருமி வெளிப்பட்டிராது.

சுசன்னா கஹலன் என்னும் நியூயார்க் செய்தியாளருக்கு நேர்ந்தது இவ்விரு சாராரும் கற்கவேண்டிய பாடம். 2009இல், தம் 24ஆம் வயதில், அவர் காரணமற்ற ஐயங்களுக்கு ஆளானார்; வலிப்பும் கண்டது. மதுப்பழக்கத்தின் விளைவு என்றார் ஒரு மருத்துவர். மனநோய் என்ற கருத்தும் எழுந்தது. மூளைப் படமோ குறையேதும் காட்டவில்லை. இலட்சக்கணக்கான டாலர் செலவில் சோதனைகள் நடந்தும் விடை கிட்டவில்லை. இந்நிலையில் சுஹேல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் வந்தார். நடந்தவற்றைத் தொடக்கத்திலிருந்து கேட்டறிந்தார். பின்னர்த் தாளையும் எழுதுகோலையும் தந்து, கடிகாரம் ஒன்று வரையுமாறு பணித்தார். கஹலன் வட்டம் வரைந்தார். பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. இடப்புறக் காட்சியை உணர்வது மூளையின் வலப்பாதி. அப்பாதியில் அழற்சி உள்ளதென மருத்துவர் உணர்ந்தார். மூளைத் திசு ஆய்வு அழற்சியை உறுதி செய்தது. உடலின் எதிர்ப்பொருள்களே மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் நோய் அஃது என்பதும் சோதனையில் தெளிவாயிற்று. சிகிச்சையால் அவர் தேறினார். தம் அனுபவத்தை 2012இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த எதிர்ப்பொருளை யோசெப் டால்மாவ் குழுவினர் கண்டறிந்து வெளியிட்டது 2007இல்தான். மூன்றாண்டுகள் முன்னதாகக் கஹலன் நோயுற்றிருப்பின், அக்கடிகாரம் ஐயத்தை மட்டுமே எழுப்பியிருக்கும். நோய்க்குப் பெயர் கிடைத்திராது. ஆயின், அச்சோதனை கைக்கு எட்டும் நிலையில் இருந்தபோதும், தாளையும் எழுதுகோலையும் நீட்ட ஒருவர் வரும்வரை அவர் படுக்கையிலேயே கிடந்தார்.