கால் இருக்கிறது, நடக்க முடியவில்லை

ஊர்காவற்றுறையில் தோட்டஞ் செய்து, 1991 இல் இடம்பெயர்ந்து, இன்று வலிகாமத்தில் இரவல் காணியொன்றில் குடியிருக்கும் முதியவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். இயலாமை உள்ளோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. "எனக்குக் கால் ரெண்டும் இருக்குதாம் சுவாமி. அதுதான் குறையாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பிப் போக எழும்பும்போது கதிரையின் கையைப் பிடித்து மூன்று தரம் முயன்றார்.

இந்த முழங்கால்களுக்கு ஒரு வரலாறு உண்டு. துலா மிதித்து இறைத்தவை, புகையிலைக் கன்றுக்குக் குந்தியிருந்து தண்ணீர் வார்த்தவை. பின்னர் மூட்டை முடிச்சுகளோடு தீவை விட்டு ஓடியவை. 1995 ஒக்டோபர் இறுதியில் மீண்டும் ஒருமுறை, மழைக்குள்ளும் சனநெருக்கத்துக்குள்ளும், சைக்கிளில் வீட்டையே கட்டித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவை. இடப்பெயர்வுதான் நோயைத் தந்தது என்று எவரும் சத்தியஞ் செய்ய முடியாது. ஆயினும் ஆண்டுக்கணக்காகக் குந்தியிருந்தும் பாரந் தூக்கியும் வேலை செய்வோருக்கு முழங்கால் தேய்வு கூடுதலாக வருகின்றது என்பது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட விடயம்.

கையிழந்தவருக்கு அத்தாட்சி அவருடைய உடம்பிலேயே இருக்கின்றது. மூட்டு நோயாளிக்கு அப்படியல்ல. எக்ஸ்றே படத்தில் மோசமாகத் தேய்ந்த மூட்டு அதிகம் நோகாமலிருப்பதும், படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாத மூட்டு ஒருவரைப் பாயில் கிடத்திவிடுவதும் உண்டு. படுத்தபடி எடுத்த படத்தில் தெரியாத தேய்வு, நின்றபடி எடுத்ததில் தெரிவதுமுண்டு. வாதமூட்டழற்சி எனப்படும் நோயில் விடியற்காலையில்தான் கைகால் விறைத்து நிற்கும். பொழுது ஏற ஏறச் சற்று இளகும். நெடுந்தீவிலிருந்து வள்ளமேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, வரிசையில் நின்று வைத்தியர் முன் உட்காரும் நேரத்தில் அந்த விறைப்பு போயிருக்கும். வைத்தியர் பார்ப்பது பதினொரு மணி மூட்டை. நோயாளி வாழ்வது ஐந்து மணி மூட்டோடு.

இந்த வழக்கை உலகில் அதிகம் பேசியவர்கள் முன்னாள் படைவீரர்கள். படையினர் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முகம் மாறும் என்பது எமக்குத் தெரியாததல்ல. என்றாலும் நோவுக்குக் கட்சியில்லை. அவர்கள் வென்றெடுத்த நியாயம் எமக்கும் உதவும்.

அமெரிக்காவில் படைவீரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995 இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. மூட்டு எத்தனை பாகை மடிகிறது என்று அளந்தால் மட்டும் போதாது. நோ, பலவீனம், நோய் கூடும் நாட்களில் வரும் முடக்கம் ஆகியவற்றையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்றது. 1994 இல் படையை விட்டு விலகிய பெண்ணொருவரின் வழக்கு இதைவிட முக்கியமானது. அவருக்கு இரு முழங்காலிலும் நோ. சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது. சேவையால் வந்ததாக இருக்கலாம் என்று வைத்தியரும் எழுதினார். ஆனால் இன்ன நோய் என்று பெயர் சொல்ல முடியாதபடியால், வெறும் நோ இயலாமையாகாது என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் அதனை மாற்றியது. உடலின் இயக்கத்தைக் குறைக்கும் நோ, நோயின் பெயர் தெரியாவிட்டாலும் இயலாமையே என்பது தீர்ப்பு. சான்றுகள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரிக்கே என்பதும் அங்கே சட்டம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 இல், படையில் சேரும்போது குறிக்கப்படாத நோய்க்குச் சேவை காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையது என்றது.

எமது நாட்டில் சட்டம் இதற்கு மாறாக இருக்கின்றதா? இல்லை என்பதே ஆச்சரியம். இயலாமை உள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானாகவே நிறைவேற்ற முடியாதவரை இயலாமை உள்ளவர் என்கின்றது. எந்த உறுப்பு போயிற்று என்று அது கேட்கவில்லை; என்ன செய்ய முடியவில்லை என்றே கேட்கின்றது. இந்தக் கேள்வி மேசைக்கு வந்து சேருமுன் 'கால் இருக்கிறதா' என்று சுருங்கிவிடுகின்றது. 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட இக்கொடுப்பனவு தோட்டமுமில்லாத, கூலிக்கும் போக முடியாத குடும்பத்துக்குச் சிறு தொகையல்ல. கிளினிக் கொப்பியையும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஓட்டத்தில் தொலைத்தவர்களிடம் பழைய வைத்தியக் குறிப்புக் கேட்பதும் நியாயமல்ல. அவர்களுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க உத்தியோகத்தர்கள் தயங்கக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

எம்மவர் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. முதல் மறுப்புக் கடிதத்தோடு பலர் ஓய்ந்து விடுகின்றனர். "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று வைத்தியர் கேட்டால், மரியாதைக்கு "பரவாயில்லை" என்கின்றனர். அந்த ஒரு சொல்லும் அறிக்கையில் ஏறிவிடும்.

அந்த முதியவரின் மேன்முறையீட்டை நாம் கூட இருந்து எழுதினோம். அவருடைய முதல் விண்ணப்பத்தில் இருந்தது 'முழங்கால் நோ' என்ற இரண்டு சொற்களே. இம்முறை ஒன்றரைப் பக்கம் வந்தது. மலசலகூடத்தில் குந்த முடியாமல் நடுவில் துளையிட்ட கதிரை வைத்திருப்பதை எழுத அவர் முதலில் வெட்கப்பட்டார். மாதத்தில் எத்தனை நாள் படுக்கையிலிருந்து எழும்ப முடியவில்லை என்பதை மனைவி நினைவுபடுத்திச் சொன்னார். கலண்டரில் புள்ளடி போட்டு வைத்திருந்தார், பாவம், எவரும் கேட்காமலே. கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது தானே என்று அடுத்த வீட்டுக்காரர் தனியே ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார். எக்ஸ்றேயை நின்றபடி எடுக்க முடியுமா என்று வைத்தியரைக் கேட்கும்படியும் சொல்லியனுப்பினோம். எல்லாவற்றுக்கும் பிரதியெடுத்து, திகதியிட்டு, பிரதேச செயலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கியாயிற்று.

பதில் இன்னும் வரவில்லை.