படம் யாருடையது?

காமிராக்காரர்கள் பொதுவாக எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுக்கிற இனம் அல்ல. "மோவாயைத் தாழ்த்துங்கள், கண்ணைக் கொட்டாதீர்கள், கொஞ்சம் சிரியுங்கள்" என்று நம்மை ஆட்டி வைப்பார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, நம் முகத்தை நமக்கே அட்டையில் ஒட்டித் தருவார்கள். படம் பிரமாதமாக அமைந்துவிட்டதோ, போச்சு! நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே இன்னொரு பிரதி போட்டுக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிடுவார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இந்த வழக்கத்துக்கு நேர்மாறாக, எடுத்த பிலிம் சுருளை அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

1989-ஆம் வருஷம். டில்லியில் வாழும் திருநங்கையரைப் படம் எடுத்து அனுப்பும்படி லண்டன் டைம்ஸ் பத்திரிகை, தயானிதா சிங் என்ற இளம் புகைப்படக்காரரை ஏவியிருந்தது. அவர் பழைய டில்லிக்குப் போனார். மோனா அகமது என்ற திருநங்கையைச் சந்தித்தார். மோனா தாராளமாகப் பேசினார், தாராளமாகப் படமும் எடுக்க விட்டார். பேச்சோடு பேச்சாகப் படங்கள் லண்டனில் அச்சாகப் போகின்றன என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. லண்டனில் அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆவது? சுருளைக் கொடுத்துவிடு என்று கேட்டார்.

பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த இடத்தின் தர்மசங்கடம் புரியும். கையில் இருப்பது ஒரு நாள் உழைப்பு. அந்தப் பக்கம் ஒரு பெரிய பத்திரிகை காத்துக்கொண்டிருக்கிறது. சாக்குச் சொல்லி நழுவ ஆயிரம் வழி உண்டு. தயானிதா சிங் சுருளைக் கொடுத்துவிட்டார். லண்டன் பத்திரிகைக்கு அந்தப் படங்கள் போய்ச் சேரவில்லை.

ஆனால் அன்று ஆரம்பித்த சிநேகம் 2017-இல் மோனா காலமாகும் வரையில் நீடித்தது. அத்தனை வருஷமும் தயானிதா அவரைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை மோனாவின் பூரண சம்மதத்தோடு. 1990-இல் மோனா ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். ஆயிஷா என்று பெயர். குழந்தையின் பிறந்த நாள் விழாக்கள் தடபுடல் பட்டன. பிற்பாடு அந்தக் குழந்தை அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. தம் கூட்டத்தாரிடமிருந்தும் விலகிய மோனா, ஒரு கபர்ஸ்தானில் கல்லறைகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு குடியேறினார். விழாவும் துக்கமும் தனிமையும் எல்லாம் 2001-இல் ஒரு புத்தகமாக வெளிவந்தன. புத்தகத்தின் பெயர் 'மைசெல்ஃப் மோனா அகமது'. "நான், மோனா அகமது" என்று அர்த்தம். படத்துக்குக் கீழே புகைப்படக்காரர் விளக்கம் எழுதுவதுதானே உலக வழக்கம்? இங்கே அது இல்லை. மோனா தம்முடைய கதையைத் தாமே பதிப்பாளருக்கு மின்னஞ்சல் கடிதங்களாகச் சொல்கிறார். அந்தக் கடிதங்கள்தான் புத்தகத்தின் வாசகம்.

தயானிதா 1961-இல் டில்லியில் பிறந்தவர். நான்கு பெண்களில் மூத்தவர். தாயார் நோனி சிங்குக்குக் காமிராப் பைத்தியம். எங்கே புறப்பட்டாலும் குழந்தைகளை நிறுத்தி வைத்து, அவசரமே இல்லாமல் 'ஃபோகஸ்' பண்ணிக்கொண்டிருப்பாராம். பெண்ணுக்குச் சிறு வயதில் புகைப்படம் என்றாலே வெறுத்துப் போனதற்கு இது போதாதா? நாட்டியம், சங்கீதம், எம்பிராய்டரி என்று எத்தனையோ விதத்தில் தாயாருடைய பிரியம் வந்து குழந்தைகளைப் பிடித்துக்கொள்கிறது! இந்த வீட்டில் காமிராவாக வந்தது.

அப்படிப்பட்ட பெண் ஆமதாபாத் தேசிய டிசைன் கழகத்தில் படிக்கப் போனார். 1980-களின் தொடக்கத்தில் ஒரு கச்சேரியில் தபலா வித்வான் ஜாகீர் ஹுசேனைப் படம் எடுக்க முயன்றபோது, ஏற்பாட்டாளர் ஒருவர் தள்ளிவிட, கீழே விழுந்தார். வேறு யாராவது என்றால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் வித்வானிடம் நேரே போய், "இன்றைக்கு நான் மாணவி, ஒரு நாள் பெரிய புகைப்படக்காரியாக வருவேன், அப்போது பார்க்கலாம்" என்கிற தோரணையில் பேசிவிட்டார். வித்வான் சிரித்திருக்கலாம், கோபித்திருக்கலாம். அவர் கூடவே வந்து படம் எடுக்க அனுமதித்தார். ஆறு பனிக்காலங்கள் சங்கீத கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுற்றினார் தயானிதா. 1986-இல் அவருடைய முதல் புத்தகம் அதிலிருந்து பிறந்தது. சாதகம் என்றால் என்ன என்பதை ஜாகீர் ஹுசேனிடம்தான் கற்றேன் என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பரில் அந்த மகா வித்வான் மறைந்தபோது, பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும்.

அடுத்த விஷயத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். நியூயார்க் போய் மேலே படிக்கத் தயானிதாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு வரதட்சிணையாகக் கொடுக்க வைத்திருக்கிற பணத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று தாயாரிடம் கேட்டார். தகப்பனார் காலமாகி, சொத்து வழக்குகளும் காகிதக் கட்டுகளுமாகத் தத்தளித்துக்கொண்டிருந்த தாயார், நான்கு பெண்களை வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் கொடுத்தார். கேட்ட பெண்ணின் துணிச்சல் பெரிதா, கொடுத்த தாயாரின் துணிச்சல் பெரிதா என்று பட்டிமன்றம் வைத்தால் நான் தாயார் கட்சி.

நியூயார்க்கிலிருந்து திரும்பியவர் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக வேலை செய்தார். அவர்கள் கேட்ட இந்தியா எது தெரியுமா? பம்பாயில் விலைமாதர் வீதி, வேலை செய்யும் குழந்தைகள், வறுமை, வியாதி. பல வருஷம் எடுத்துக் கொடுத்த பிறகு அவருக்கு அலுத்துப் போயிற்று, மனத்தையும் உறுத்தியது. படங்களால் எடுக்கப்பட்டவர்களுக்கு என்ன லாபம்? என் வீட்டையும் என் ஜனங்களையும் ஏன் எடுக்கவில்லை? இந்தக் கேள்வியின் பேரில் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டார். பிறகு வசதியுள்ள குடும்பங்களின் கூடங்களிலும் படுக்கை அறைகளிலும் காமிராவை வைத்து அவர் எடுத்த படங்கள் 2003-இல் 'பிரைவஸி' என்ற புத்தகமாயின. சோபாவில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். மேலே தாத்தாவின் படம், கீழே கண்ணாடி மேஜை, ஓரத்தில் நாய்க்குட்டி. அந்தப் படங்களில் ஏழ்மை இல்லை. ஆனால் ஏதோ ஒரு தனிமை உண்டு. பின்னால் வந்த புத்தகங்களில் மனிதர்களே காணாமல் போய், காலி நாற்காலிகளும் மெத்தைகளும் மாத்திரம் நம்மைப் பார்க்கின்றன.

அவருடைய காமிரா ஹாஸல்பிளாட். சதுரமான படம் தரும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். கண்ணுக்கு முன்னால் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்க்கலாம். எதிரில் இருப்பவருக்கு எடுப்பவரின் முகம் மறைவதே இல்லை. மோனாவோடு பேசிக்கொண்டே படம் எடுக்க முடிந்ததற்கு இந்தக் காமிராவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். 2022-இல் அதே ஹாஸல்பிளாட் பெயரால் ஸ்வீடனில் வழங்கப்படும் பெரும் பரிசு, இருபது லட்சம் ஸ்வீடிஷ் குரோனர், இவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

2008-இல் 'செண்ட் எ லெட்டர்' என்று ஒரு பெட்டி வெளியிட்டார். பெட்டிக்குள் ஏழு குட்டிப் புத்தகங்கள். விசிறி மடிப்பாகப் பிரித்து அலமாரி மேல் நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி. கல்கத்தா, காசி, அலகாபாத், பம்பாய் என்று ஒவ்வொரு புத்தகமும் ஓர் ஊருக்கு. அதில் ஒன்று நம் பத்மநாபபுரம் அரண்மனை! கன்னியாகுமரி ஜில்லாவில் இருந்துகொண்டு, கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அதே மர அரண்மனைதான். ஏழாவது புத்தகம் எந்த ஊருக்கும் இல்லை. அது தாயார் நோனி சிங் எடுத்த படங்களுக்கு. ரயில் நிலையத்திலும் தோட்டத்திலும் குழந்தைகளைக் காக்க வைத்து எடுத்தாரே, அந்த வகைப் படங்கள்! பெட்டியின் பிரதி ஒன்று கல்கத்தா பார்க் தெருவில் ஒரு நகைக் கடையின் கண்ணாடி அலமாரியில், அட்டிகைகளுக்கு நடுவே வைக்கப்பட்டது. 2013-இல் நோனி சிங்கின் படங்கள் அவர் பெயராலேயே தனிப் புத்தகமாகவும் வந்துவிட்டன.

பிற்காலத்தில் இவர் மடக்கி விரிக்கிற மரச் சட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைப் பொருத்தி, வேண்டும்போது இடம் மாற்றி வைக்கும்படி செய்து, ஒவ்வொன்றுக்கும் 'மியூசியம்' என்று பெயர் சூட்டினார். இந்தச் சாமர்த்தியம் சில சமயம் படங்களையே மறைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவது உண்டு. பெட்டியை மெச்சிக்கொண்டு பட்சணத்தை மறந்த கதை. மோனாவுக்கு அருகில் வைத்தால் அந்த மரவேலை கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

படம் யாருடையது என்ற கேள்வியை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர் கௌரி கில். 1970-இல் சண்டிகரில் பிறந்தவர். 1999-இல் ராஜஸ்தானத்துப் பாலைவனக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு சிறுமியை அடிப்பதைப் பார்த்தார். கிராமப் பள்ளிகளைப் படம் எடுக்கலாம் என்று ஆரம்பித்தது, வருஷக் கணக்காகத் தொடர்ந்தது. பஞ்சம் வந்தது, வெள்ளம் வந்தது, கல்யாணங்கள் நடந்தன, சாவுகள் நடந்தன. அவர் அதே ஜனங்களிடம் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் படங்களுக்கு 2023-இல் பிரீ பிக்தே என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

அந்தப் படங்களில் ஒரு வரிசை பிரசவத்தைப் பற்றியது. கசும்பி தாயி என்ற வயது முதிர்ந்த மருத்துவச்சி, தம்முடைய பேத்தி பிறந்த பிரசவத்தைத் தாமே பார்த்தார். அதைப் படம் எடுக்க வரும்படி கௌரியை அழைத்தவரும் அவரேதான். நான்கு சுவருக்குள் பெண்கள் மட்டும் அறிந்த அந்தக் கைவேலையை, மூட வேண்டிய விஷயமாக அந்தக் கிழவி நினைக்கவில்லை. பிறருக்குக் காட்ட வேண்டிய வித்தையாக நினைத்தார். நல்ல தச்சர் தம் உளியைக் காட்டுகிற மாதிரி!

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இன்றைக்குக் காமிராக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. கையில் செல்போன் வைத்திருக்கிற எல்லாரும் காமிராக்காரர்கள்தான். குழந்தை குளிக்கிற படம், அழுகிற படம், பெண் வயதுக்கு வந்த படம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியார் பல் செட் இல்லாமல் படுத்திருக்கிற படம் எல்லாம் ஒரு நிமிஷத்தில் உறவினர் குழுவுக்குப் போய், அங்கிருந்து யார் யாருக்கோ போகின்றன. லண்டன் உறவினர் பார்த்துவிடுவார் என்று மோனா பயந்தாரே, அந்தப் பயம் இன்றைக்குப் பத்து வயதுப் பெண்ணுக்கும் உண்டு. "அம்மா, அதை அழித்துவிடு" என்று அவள் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சுருளைக் கழற்றிக் கொடுக்கிறோம்?

கேட்டுவிட்டு எடுத்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடுமா என்றும் ஒரு கட்சி உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பரிசு கௌரி கில்லுக்கு வருகிறது; பாலைவனத்துக் கிணறு வறண்டுதான் கிடக்கிறது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் மருத்துவச்சியின் தெருவில் குடியிருப்பவர்கள் அல்ல. இதற்கு முழு விடை கௌரியிடமும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அதே வாசற்படிகளுக்கு அவர் போய் வந்தது ஒரு பாதி விடை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மற்றப் பாதி, பீகானேர் ஜில்லாவில் உள்ள லூண்கரன்சர் என்ற ஊரில் இருக்கிறது. 2003-இல் அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண் குழந்தைகளுக்காக ஒரு மேளா நடந்தது. ராட்டினம், தின்பண்டம், ஆட்டம், பாட்டம். ஒரு கூடாரத்தில் திரையும் சில சாமான்களும் வைத்துக்கொண்டு கௌரி கில் உட்கார்ந்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். தனியாக நிற்பதா, தோழியோடு நிற்பதா, கையில் எதைப் பிடிப்பது, எங்கே பார்ப்பது எல்லாம் நிற்கிறவள் தீர்மானம். மோவாயைத் தாழ்த்தச் சொல்ல அங்கே ஆள் இல்லை. பிள்ளை வீட்டாருக்கு அனுப்பவும் அல்ல, பள்ளிக்கூட அட்டையில் ஒட்டவும் அல்ல. வந்த பெண்கள் பலர் பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை, நேராகக் காமிராவைப் பார்த்தார்கள், "என்ன?" என்று கேட்கிற மாதிரி.

சில பெண்களுக்குக் கௌரி காமிராப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். 2010-இல் அவர் மறுபடி லூண்கரன்சர் போனபோது, அப்படிக் கற்ற பெண்களில் ஒருத்தி சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாள்.