திருவெறும்பூர் கொதிகலனுக்கு விலை சொல்லத் தலால் தெரு யார்?

"பெல்" பங்கை வாங்கலாமா, விற்கலாமா? பட்டணத்து வியாபாரப் பத்திரிகைகள் ஓயாமல் நடத்தும் விசாரணை இது. பங்கு விலை ஏறினால், திருச்சி திருவெறும்பூர் ஆலையைத் தங்கம் காய்க்கும் மரம் என்று எழுதுகிறார்கள். விலை இறங்கினால், அதே ஆலை சர்க்காரின் தலைமேல் ஏறிய சுமை என்கிறார்கள். ஆலை மாறவில்லை, அதிலே வேகும் தொழிலாளியும் மாறவில்லை. இவர்களுடைய அபிப்பிராயம் மட்டும் மணிக்கொரு தரம் மாறுகிறது!

"பங்கு வாங்க நம்மிடம் பணம் ஏது? இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?" என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! உங்களைக் கேட்காமலே உங்கள் பணம் அந்தச் சந்தைக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டு விளக்கும், ஸ்ரீரங்கம் தீவிலே நீங்கள் வேலை செய்யும் நெல்வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் பாயும் பம்புசெட் தண்ணீரும் இந்த விவகாரத்தில் சிக்கியிருக்கின்றன. எப்படி என்று சொல்கிறோம்.

முதல் போட்டவர் யார்?

இந்த ஆலை எந்தச் சீமானின் சொத்திலும் பிறந்ததல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் இடம் தேர்வாகி, செக்கோஸ்லோவாகியா நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்தது. 1964இல் பாரத மிகுமின் நிறுவனம் பதிவாயிற்று. 1965இல் திருவெறும்பூரில் உற்பத்தி தொடங்கிற்று. அதற்கு முன் இங்கே கொதிகலனுக்கு அந்நிய நாட்டுக் கம்பெனிகளின் வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

அன்று நம் நாட்டுப் பெருமுதலாளிகள் எங்கே போனார்கள்? 1944இல் டாட்டாவும் பிர்லாவும் சேர்ந்து வெளியிட்ட பம்பாய்த் திட்டமே, கனரகத் தொழிலுக்கு சர்க்கார் பெருமுதல் போடவேண்டும் என்று கேட்டது. லாபம் கிடைக்கப் பல வருஷம் பிடிக்கும் தொழிலை ஜனங்களின் வரிப்பணம் சுமக்கட்டும். சீக்கிரம் லாபம் கொட்டும் தொழில் நம்மிடம் இருக்கட்டும்! இதுதான் அவர்கள் கணக்கு. ஜனங்கள் சுமந்தார்கள். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் காசு கொடுத்த ஒவ்வொரு ஏழையும் இந்த ஆலைக்கு முதல் போட்டவர்.

பொருளின் தரம் எது?

ஒரு பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யாருக்கு உரிமை? அதைச் செய்தவனுக்கு உண்டு. அதை உபயோகிப்பவனுக்கு உண்டு. கொதிகலன் என்பது அண்டாவில் தண்ணீர் காய்ச்சும் வேலையல்ல. மாவாக அரைத்த நிலக்கரி எரிகிற அறையைச் சுற்றிலும் எஃகுக் குழாய்கள். அவற்றுக்குள்ளே தண்ணீர் ஓடி நீராவியாகிறது. பயங்கர அழுத்தத்தில் பாயும் அந்த நீராவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. ஒரு பெரிய கொதிகலனில் பல்லாயிரக்கணக்கான பற்றவைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று விட்டாலும் குழாய் கசியும், யந்திரத்தை நிறுத்தியாக வேண்டும், ஊர் இருளும். வெல்டரின் கை நடுங்காமல் இருந்தால்தான் ஜில்லாவுக்கு வெளிச்சம்!

இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 1979இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். 210 மெகாவாட் அலகுகளுக்குத் திருச்சியிலிருந்து போன கொதிகலன்கள் நாற்பது ஆண்டைத் தாண்டியும் ஓடின. இன்று அணுமின் நிலையங்களுக்கான நீராவிக் கலன்களையும் இதே திருவெறும்பூர் செய்கிறது. இதுதான் உபயோகிப்பவர் கொடுத்த நற்சாட்சி. இதற்கு எந்தத் தரகனின் முத்திரையும் தேவையில்லை.

சந்தையின் நீதி

பம்பாயில் பங்குச் சந்தை நடக்கும் தெருவுக்குத் தலால் தெரு என்று பெயர். தலால் என்றால் தரகன். மாட்டுத் தரகனாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்லுவான். இந்தத் தரகன் கொதிகலனைக் கண்ணால் கண்டதில்லை!

2020 மார்ச்சில் ஒரு பெல் பங்கின் விலை ஏறக்குறைய 20 ரூபாய். 2024 ஜூலையில் அது 300 ரூபாயைத் தாண்டிற்று. நாலே வருஷத்தில் பதினைந்து மடங்கு! ஆலையின் லாபம் அப்படிப் பொங்கியதா? இல்லை. 2011-12இல் கம்பெனிக்கு லாபம் 7,000 கோடி ரூபாய். 2020-21இல் 2,700 கோடி நஷ்டம். விலை உச்சியில் நின்ற காலத்துக்கு முந்திய 2023-24ஆம் ஆண்டில் லாபம் 300 கோடிக்கும் குறைவு. அப்படியானால் ஏறியது எது? இனி வரப்போகும் ஆர்டர்களைப் பற்றிய ஊகம் ஏறிற்று. சர்க்கார் மறுபடியும் அனல்மின் நிலையங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, சூதாட்டக்காரன் முந்திக்கொண்டான்.

இருபதுக்கு வாங்கி முன்னூறுக்கு விற்றவன் ஒரு குழாயைப் பற்றவைத்தானா? ஒரு மூட்டை கரி சுமந்தானா? ஆலைக்குள் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் தொழிலாளிக்குக் கூலி பதினைந்து மடங்கு ஏறிற்றா? பதில் சொல்லட்டும்!

இன்னொரு காட்சி பாருங்கள். 2008 ஜனவரியில் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் பவர் பங்கு விற்க வந்தது. அன்று அந்தக் கம்பெனிக்கு ஓடுகிற மின்நிலையம் ஒன்றுகூட இல்லை! ஆனாலும் சந்தை 11,500 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிக் கொடுத்தது. 450 ரூபாய்க்கு விற்ற பங்கு, பிப்ரவரி 11ஆம் தேதி சந்தையில் இறங்கிய முதல் நாளே 372 ரூபாய்க்குச் சரிந்தது. 2020 மார்ச்சில் அது இரண்டு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. யந்திரமே இல்லாதவனுக்கு மாலை. நாற்பது வருஷம் ஓடும் யந்திரம் செய்தவனுக்கு ஏச்சு! இதுதான் சந்தையின் நீதி.

இந்தச் சூதில் நம் வீட்டுப் பிள்ளைகளையும் இழுக்கிறார்கள். கைபேசியிலே பொத்தானை அழுத்து, பணக்காரன் ஆகு என்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. பங்கு ஊக வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணம் இழந்தார்கள். மூன்று வருஷத்தில் போன தொகை 1.8 லட்சம் கோடி! உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்காவது மிஞ்சுமா என்ற ஏக்கம் நமக்கு. இங்கே உழாதவனும் உழக்கு உழக்காய் இழக்கிறான். மரக்கால் மரக்காலாய் அளந்துகொள்கிறவன் வேறொருவன்.

உங்கள் பணம் போன வழி

1991 வரை இந்த ஸ்தாபனம் முழுவதும் ஜனங்களின் சொத்து. 1991-92இல் பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். 2014 மார்ச்சில், பட்ஜெட் ஓட்டையை அடைக்க, மேலும் 4.66 சதவீதத்தை விற்றார்கள். வாங்கியது யார்? எல்.ஐ.சி! பங்கு ஒன்று சுமார் 165 ரூபாய் வீதம், 1,900 கோடி ரூபாயை ஒட்டிய தொகை. எல்.ஐ.சி.யின் பணம் யாருடையது? மாதச் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தம் கொடுக்கும் ஆலைத் தொழிலாளியுடையது. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கட்டும் தாய்மாருடையது. நம் சட்டையின் ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டுவிட்டு, அதற்கு "முதலீட்டு விலக்கல்" என்று பெயர் சூட்டினார்கள். ஏற்கெனவே நமக்குச் சொந்தமான ஆலையை நமக்கே விலைக்கு விற்ற சாமர்த்தியம் இது!

ஆர்டர் எங்கே போயிற்று?

பெல் சரிந்தது தொழிலாளி சோம்பியதாலா? அப்படித்தான் எழுதினார்கள். உண்மை வேறு. பெரிய மின்திட்டங்களுக்கு யந்திரங்களைத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய 2012 ஜூலை வரை கதவு திறந்திருந்தது. அந்த மாதத்தில்தான் மத்திய மந்திரிசபை 21 சதவீதத் தீர்வைக்கு ஒப்புக்கொண்டது. அதற்குள் வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது. 2010 அக்டோபரில் அதே ரிலையன்ஸ் பவர், ஷாங்காய் கம்பெனியுடன் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. நம் மாநில மின்வாரியத்தின் மேட்டூர் 600 மெகாவாட் அலகுக்கும் கொதிகலன் சீனாவிலிருந்தே வந்தது. சீனத் தொழிலாளி நமக்குப் பகைவனல்ல. அவனும் நம்மைப்போல் உழைப்பவன். நாம் குற்றம் சாட்டுவது, சொந்த ஆலையைப் பட்டினி போட்டுவிட்டு "மெலிந்து போனாயே" என்று பழிக்கும் டெல்லி எஜமானர்களை.

பட்டினியின் அடி யார்மேல் விழுந்தது? துவாக்குடியிலும் மாத்தூரிலும் பெல் ஆர்டரை நம்பியே நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருந்தன. ஆர்டர் வற்றியதும் பட்டறை பட்டறையாகப் பூட்டுத் தொங்கிற்று. பிட்டர்களும் வெல்டர்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். 2012இல் நாடு முழுவதும் பெல்லில் 49,000 பேர் வேலை செய்தார்கள். 2024இல் 30,000க்கும் குறைவு. தலால் தெரு இதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதா? "ஊழியர் செலவு குறைந்தது, நல்ல அறிகுறி" என்று கைதட்டிற்று!

உபயோகிப்பவரின் புகார்

பெல் மீது நியாயமான குறை இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டோம். பல திட்டங்களில் கொதிகலன் குறித்த காலத்தில் நிற்கவில்லை. அந்தத் தாமதத்தின் விலையை ஜனங்கள்தான் கொடுத்தார்கள். 2012ஆம் ஆண்டை மறக்க முடியுமா? சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. அன்றைய முதலமைச்சரின் சொந்தத் தொகுதி ஸ்ரீரங்கம். அங்கேயும் மோட்டார் ஊமையாயிற்று. தண்ணீர் பாயாத வயலில் விவசாயிக்கு விளைச்சல் போயிற்று, கூலிக்காரருக்கு நாள்கூலி போயிற்று. நாடெங்கும் கொதிகலன் அனுப்பும் திருச்சியிலே இருட்டு! கம்பெனி 7,000 கோடி லாபம் காட்டியதும் அதே சமயத்தில்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? லாபக் கணக்கு செழித்தால் ஜனங்களுக்கு வெளிச்சம் கிடைத்துவிடாது. வேளையோடு திட்டம் போடாத சர்க்கார்களும், தாமதத்துக்குப் பதில் சொல்லாத நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும். மருந்து ஆலையை விற்பதல்ல. குறைந்த ஆட்களை வைத்து, தற்காலிகக் கூலிகளின் தலையில் வேலையைக் கட்டினால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஜனங்கள் கையில் மிஞ்சியிருக்கும் பங்கில் ஒன்றுகூட இனி விற்கக் கூடாது. காலியிடங்களை நிரப்பு, நிரந்தர வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கு. திருச்சிப் பட்டறைகளுக்கு ஆர்டரும் தவணை தவறாத பட்டுவாடாவும் கொடு. ஒவ்வொரு மின்திட்டத்தின் கெடுவையும் தாமதத்தின் காரணத்தையும் ஊரறிய வெளியிடு. நிர்வாகத்தின் மேசையில் தொழிலாளிக்கும், மின்சாரத்தை நம்பி வாழும் விவசாயிக்கும் இடம் கொடு.

பங்கு விலை நாளை ஏறும், மறுநாள் இறங்கும். அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மருளவும் வேண்டாம். திருவெறும்பூரில் பற்றவைத்த குழாய் கசியாமல் நிற்கிறதா, மின்நிலையம் கெடு தவறாமல் எழுகிறதா, ஸ்ரீரங்கத்து வயலில் மோட்டார் ஓடுகிறதா, செய்தவன் வயிறு நிறைகிறதா? இவைதான் நம் தராசு. இந்தத் தராசைப் பிடிக்கும் உரிமை முதல் போட்ட ஜனங்களுக்கே உண்டு. தலால் தெருவுக்கு இல்லை!