தோட்டக் குழாயில் ஒரு கச்சேரி

1956ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் ஜெரார்டு ஹாஃப்னங் ஒரு நகைச்சுவை இசை விழா நடத்தினார். அதில் புகழ்பெற்ற ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் ஹார்னின் ஊதுவாயைப் பொருத்தி, லியோபோல்ட் மோசார்ட்டின் இசையை வாசித்தார்.

மாணவ நண்பர்களே, நீங்களும் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், "அது எப்படி முடிந்தது?" என்று கேளுங்கள்.

ஹார்னில் பித்தளைதான் ஒலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒலிப்பது உள்ளேயுள்ள காற்றுத் தம்பம். ஊதுபவரின் உதடுகள் அதிர, காற்றுத் தம்பம் ஒத்ததிர்கிறது. சுருதியை முதன்மையாகத் தீர்மானிப்பது குழாயின் நீளமே. நீளம் கூடினால் சுருதி தாழும், குறைந்தால் உயரும். 'எஃப்' ஹார்னின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வரும்!

ஆனால் ஒரே நீளத்தில் எல்லாச் சுரங்களும் வராது. உதட்டை இறுக்க இறுக்க, ஏணியில் ஏறுவதுபோல், சில சுரங்கள் மட்டுமே கிடைக்கும். லியோபோல்ட் மோசார்ட் (1719–1787) அந்த இசையை எழுதியது ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஆல்ப் கொம்புக்காக. அது துளையும் வால்வும் இல்லாத நீண்ட மரக்குழல். எனவே அந்த இசை ஏணிப்படிச் சுரங்களுக்குள் அடங்கியது. தோட்டக் குழாய்க்கும் பொருந்திவிட்டது. நம் ஊர்க் கொம்பும் இதே முறையில்தான் ஒலிக்கிறது.

அப்படியானால் விலையுயர்ந்த ஹார்ன் வீணா? இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வால்வுகள் விடுபட்ட சுரங்களைத் தந்தன. அகன்ற வாய் ஒலியைச் சீராக்கி வெளியே பரப்புகிறது.

ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். "கருவி இல்லை, ஆகவே சோதனை இல்லை" என்று ஒலியியல் பாடத்தை வாசித்து மட்டும் கடந்துபோவது சரியல்ல. அப்படிக் கடந்தால் விடைகள் மனப்பாடமாகும். கேள்வி கேட்கும் பழக்கம் வராது. கழுவிச் சுத்தம் செய்த 2 மீட்டர் புதுக் குழாயும், ஊதுவாயாக ஒரு சிறு புனலும் போதும். உதடுகளை அதிரவிட்டு ஊதி, கிடைக்கும் மிகத் தாழ்ந்த சுரத்தைக் கேளுங்கள். குழாயைப் பாதியாக வெட்டினால் என்ன ஆகும்? வெட்டுமுன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு வெட்டி ஊதிப் பாருங்கள். ஒருவர் ஊதியதைக் கழுவாமல் மற்றவர் ஊத வேண்டாம்.

பிரெய்னின் உதடுகள் பெற்ற பல்லாண்டுப் பயிற்சிக்கு மலிவான மாற்று கிடையாது. கருவிக்கு உண்டு. அதைத் தேடத் தொடங்குங்கள்!